பழைய மொரிஸ் மைனரைப் போட் ஆக்கித் தந்த பட்டறை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பைபர் போட் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. மீன்பிடி வள்ளங்கள்தான் அவர்களின் வழக்கமான வேலை. நானும் கூட்டாளிமாரும் எங்களுடைய பழைய மொரிஸ் மைனர் காரை வாவியில் ஓடவிட ஆசைப்பட்டு அங்கே கொண்டுபோனோம். வேலை முதல் தரம். அவசரக்காரர் மட்டும் போக வேண்டாம்.

எஞ்சின், கியர்பொக்ஸ், சில்லு எல்லாம் கழற்றிய காரின் அடியில் நேராகப் பைபர் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டோம். பட்டறையின் தலைமை வேலைக்காரரான பாஸ் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அடித்தகட்டில் வைத்து அழுத்தினார். கறல் பிடித்த இடத்தில் பொத்துக்கொண்டு உள்ளே போனது. "தம்பி, கறலில் ரெசின் பசை பிடிக்காது. பிடித்தாலும் உப்புத் தண்ணி நடுவில் புகுந்து உரித்துப்போடும்" என்றார். தட்டையான அடியோடு, காரைவிட ஓரடி அகலமாகத் தனியாக ஒரு பைபர் உடல் செய்து, அதற்குள் காரை இறக்கி, இடையில் ரப்பர் வைத்து போல்ட் போடலாம் என்று அவரே வழி சொன்னார். கூரையையும் வெட்டச் சொன்னார். மேலே பாரம் இருந்தால் கவிழுமாம். கூரை போனதில் ஒருவனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான், ஆனால் பாஸ் சொன்னது சரி.

எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அளவு பார்த்த விதத்தில். ஒரு லீட்டர் தண்ணீரை ஒதுக்கினால் ஒரு கிலோ மிதக்கும், அவ்வளவுதான் கணக்கு. கார் உடல், பைபர், பின்னால் பூட்டும் 15 குதிரைவலு போட் எஞ்சின், நாலு பேர் என்று பாரத்தைக் கூட்டி, தண்ணீர் எதுவரை வரும் என்று பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு கீறினார். இறக்கிய அன்று நாலு பேரும் ஏறி இருந்தபோது தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நின்றது.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சிரிஞ்சில் அளந்துதான் விடுகிறார்கள். வெயில் ஏறினால் அளவைக் குறைக்கிறார்கள், இல்லாவிட்டால் வாளியிலேயே இறுகிவிடும். காய்ந்த பிறகு பாஸ் ஒரு நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். அணியத்து (முன்) பக்கம் ஓரிடத்தில் பொள்ளல் சத்தம். உள்ளே காற்று நின்றிருந்தது. நாங்கள் கேட்காமலே அதை வெட்டி எடுத்து, புதுப் பைபர் பாய் வைத்து ஒட்டினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இருக்கைகளுக்கு அடியில் அடைத்த அறைகளில் ஃபோம் போட்டிருப்பதால் தண்ணீர் ஏறினாலும் தாழாது.

சில்லுகளை வைத்தே ஓட்டலாமா என்றும் கேட்டுப் பார்த்தோம். 1960களில் மேற்கு ஜெர்மனியில் வந்த, தரையிலும் தண்ணீரிலும் ஓடும் அம்ஃபிகார் என்ற கார் முன்சில்லாலேயே தண்ணீரில் திரும்பும். அதற்கும் அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும், எங்கள் உப்பு வாவிக்கு அது வேலைக்காகாது. ஸ்டியரிங்கை மட்டும் கேபிளால் பின்னால் உள்ள எஞ்சினோடு இணைத்தார்கள். அந்தப் பழைய ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும் சுகத்துக்கே கொடுத்த காசு தகும்.

குறை என்றால் தவணைதான். சொன்ன திகதிக்கு முடியவில்லை, போன் எடுப்பதில்லை. மீனவர்களின் வள்ளம் பழுது பார்க்க வந்தால் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு அது, நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். ரப்பர் போட்ட இடத்தில் அலைக்குக் கிறீச்சென்ற சத்தமும் வருகிறது; திரும்பக் கொண்டுவந்தால் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வேலை கொடுப்பதாக இருந்தால் மாரிக்கு முன்னமே கொடுங்கள், ஈரத்தில் பைபர் வேலை சரிவராது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறவே கூடாது, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் கொண்டுபோகவும் கூடாது என்று பாஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.