அலுமினியப் பட்டை தாங்குகிறது, பல்லியும் தங்குகிறது

கோயம்புத்தூர் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "டேய், உங்க வீட்டுக் காட்டுமாட்டுத் தலையை எதுல மாட்டியிருக்கே? அந்தப் பட்டை இப்போ விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" எங்கள் வீட்டுச் சுவரில் பாடம் செய்த காட்டுமாட்டுத் தலை ஒன்று இருக்கிறது; அவன் அப்பா காலமானபின் அதேபோல ஒரு கடமான் தலை அவன் பொறுப்புக்கு வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ரெண்டு வரியில் அடங்குகிற கோபம் இல்லை இது.

பட்டை என்றால் பிரெஞ்ச் கிளீட் என்று விற்கிற அலுமினியப் பட்டை. சுவரில் ஒன்று, தலையைத் தாங்கும் பலகையின் முதுகில் ஒன்று. இரண்டும் சாய்வான விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். பெரிய நிலைக்கண்ணாடி மாட்ட வாங்குவார்களே, அதே சரக்குதான். மிருகத் தலைக்கென்று தனியாக நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். மாட்டிய நாளிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. பலகையின் மேல்விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடும் அங்கேயே இருக்கிறது, பலகையும் அங்கேயே இருக்கிறது. இதற்கு முன்பு, தாத்தா காலத்திலிருந்து, இதே தலை ஒற்றைக் கொக்கியில் தொங்கியது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் ஒரு பக்கம் சாயும். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் நிமிர்த்திவைக்கக் கை நீட்டுவார்கள், நாங்கள் பதறுவோம். அந்தத் தொல்லை ஒரேயடியாக ஒழிந்தது. நீளமான பட்டை என்பதால் பக்கவாட்டில் சாயவே வழியில்லை.

தலையும் பலகையும் சேர்ந்து 30 கிலோ. மைசூரு வான் இங்கன் அன்ட் வான் இங்கன் பட்டறையில் செய்தது. 1900 வாக்கில் தொடங்கி 1990களின் கடைசியில் மூடிய, மிருகங்களைப் பாடம் செய்கிற பட்டறை. உள்ளே காகிதக் கூழ் அச்சு என்பதால்தான் இவ்வளவோடு நிற்கிறது. முழு மரமோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

பட்டை வந்த அட்டைப்பெட்டியில் 90 கிலோ தாங்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது சுவரோடு ஒட்டி நிற்கிற கண்ணாடிக்கான கணக்கு. காட்டுமாடு அப்படி நிற்காது. கழுத்து, முகம், கொம்பு எல்லாம் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தலையின் எடை மையம் (மாட்டுத் தலையைச் சொல்கிறேன்) சுவரிலிருந்து சுமார் 40 செ.மீ. வெளியே இருக்கிறது. பட்டையிலிருந்து பலகையின் அடிவிளிம்பு வரை 60 செ.மீ. 30ஐ 40ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 20 வருகிறதா? கீழ்நோக்கி இழுக்கிற 30 கிலோவைத் தவிர, மேலே உள்ள போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுக்க 20 கிலோ இழுப்பு ராத்திரி பகலாக இருந்துகொண்டே இருக்கிறது. அதே பட்டையைப் பலகையின் நடுவில் அடித்தால் 60 என்பது 30 ஆகிவிடும், இழுப்பு 40 கிலோ ஆகும். பட்டை எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அடியில் அதே கனத்துக்கு ஒரு கட்டை வைத்துச் சுவரில் ஊன்றவும் வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பாகம் உள்ளே போய், மாடு தரையைப் பார்க்கும்.

இந்தக் கணக்கில் ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் கிடையாது. கூடவே கொடுத்த பிளாஸ்டிக் பிளக்கும் குட்டித் திருகாணிகளும் போட்டோ ஃபிரேமுக்குச் சரி. அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமானால் கேளுங்கள்.

எங்கள் வீடு கூடலூர்ப் பக்கம், பழைய கருங்கல் கட்டு, சுண்ணாம்புக் காரை. அடிக்க அடிக்க விரியும் ஆங்கர் போல்ட் இந்தச் சுவருக்கு ஆகாது. அது விரியும்போது சுற்றியுள்ள சுண்ணாம்பு பொடிந்து, முதலில் இறுக்கமாக இருந்துவிட்டுப் பிறகு ஆடத் தொடங்கும். எங்கள் ஆசாரி அண்ணன் டிரில் மெஷினின் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கல் இணைப்பில் துளைக்காமல் கல்லிலேயே நிதானமாகத் துளைத்தார். துளைக்குள் இருந்த தூளை பிரஷ் விட்டு, ஊதி, மறுபடி பிரஷ் விட்டு எடுத்தார். தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. பிறகு கெமிக்கல் ஆங்கர் பசையை அடைத்து மரை போட்ட கம்பியைச் சொருகி, மறுநாள்வரை யாரையும் தொடவிடவில்லை. பட்டையில் இருந்த துளைகள் கல் இருக்கிற இடத்துக்கு ஒத்துவராததால் அலுமினியத்திலும் புதுத் துளை போட்டார். தனியாக ஒரு கொக்கி அடித்து, பலகையிலிருந்து அதற்கு ஒரு ஸ்டீல் கம்பி வடமும் கட்டியிருக்கிறோம். பட்டை கைவிட்டாலும் தலை யார் தலையிலும் விழாது. வெளிநாட்டு வீடியோக்களில் சுவருக்குள் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று கருவி வைத்துத் தேடுவார்கள், அதைப் பார்த்து நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் சட்டமே இல்லை.

சரி, இப்போது பல்லி.

"சுவரோடு ஒட்டி நிற்கும், இடைவெளியே தெரியாது" என்பதுதான் இந்தப் பட்டையை விற்கிறவர்களின் பெருமை. உண்மையில் இடைவெளி உண்டு, 8 மி.மீ. இருக்கும். அந்த 8 மி.மீ. எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதுதான் விஷயம். பல்லி தாராளமாகப் போகும். ஒட்டடை பிரஷ் போகாது. வாக்குவம் கிளீனரின் எந்த மூக்கும் போகாது. துணி சுற்றிய ஸ்கேல் கொஞ்ச தூரம் போய் மாட்டிக்கொள்ளும். உள்ளே இருட்டு, வெதுவெதுப்பு, பூனை எட்டாத உயரம், பக்கத்திலேயே விட்டில் வந்து மோதும் விளக்கு. இதைவிட வசதியான வீட்டைப் பல்லிக்கு யாரும் கட்டிக்கொடுக்க முடியாது. எங்கள் வீட்டில் அவை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. விளக்கு போட்டதும் காதுக்குப் பின்னாலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கும். வெள்ளைச் சுவரில் தலைக்குக் கீழே மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் கோடு இழுத்திருக்கும். துடைத்தால் ஒரு வாரம், மறுபடி கோடு. முட்டை ஓடு உதிர்ந்து சோபாவில் விழும். ஒருமுறை மாட்டின் மூக்கின்மேல் உட்கார்ந்து ஒரு பல்லி நிதானமாக அந்துப்பூச்சி தின்றதை என் மாமனார் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அம்மாவுக்கு மட்டும் இதில் புகார் இல்லை. அவர் ஏதாவது சொல்லும்போது தலைக்குப் பின்னால் பல்லி கத்திவிட்டால் விரலால் மேஜையைத் தட்டி, "பாத்தியா, காட்டுமாடே சொல்லிருச்சு" என்கிறார். அந்த ஒரு காரணத்தால் வீட்டில் பல விவாதங்கள் எனக்கு எதிராக முடிந்திருக்கின்றன.

அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அடைக்கக் கூடாது. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கூடலூர் மழையில் கருங்கல் சுவர் வேர்க்கும். பலகைக்குப் பின்னால் காற்று ஓடாவிட்டால் முதலில் பூஞ்சை வாசனை வரும், பிறகு பலகை நெளியும். தோலும் ஈரத்துக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது காது மடலிலும் கண்ணோரத்திலும் உதட்டிலும்தான் முதலில் வெடிக்கும். இடைவெளி அவசியம். என் சண்டை அது 8 மி.மீ.யாக இருப்பதோடுதான்.

கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதானே? பட்டையின் இரண்டாவது பெருமையே அதுதான், "நொடியில் கழற்றலாம்". கண்ணாடியைக் கழற்றலாம். காட்டுமாட்டைக் கழற்ற, 30 கிலோவைத் தலைக்கு மேலே இரண்டு செ.மீ. தூக்கி, பிறகு முன்னால் இழுக்க வேண்டும். கை வைக்க வேண்டிய இரண்டு பக்கமும் கொம்பு வளைந்து வந்து நிற்கிறது. கொம்பைப் பிடிக்கக் கூடாது, காதைத் தொடவே கூடாது, காய்ந்த தோல் அப்பளம் மாதிரி உடையும். பலகையை மட்டும் பிடிக்க வேண்டும். ஆக ரெண்டு ஏணி, ரெண்டு ஆள், கீழே வடத்தை அவிழ்க்க மூன்றாவது ஆள். ஒவ்வொரு முறையும் ஆசாரி அண்ணனையும் அவர் மகனையும் வரவழைத்துக் கூலி கொடுக்கிறேன். பல்லி எச்சம் துடைக்க ஆசாரி கூப்பிடுகிற வீடு நீலகிரி மாவட்டத்திலேயே எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இதில் கையுறையும் முகமூடியும் வேறு. பழைய காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தடவுவது பரவலான வழக்கம். அது இன்னமும் ரோமத்திலும் தூசியிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். "செத்த மாட்டுக்கு மாஸ்க்கா சார்?" என்று ஆசாரி அண்ணன் சிரிப்பார். சிரித்தாலும் போட்டுக்கொள்வார். மெல்லிய பிரஷ்ஷால் ரோமம் படிந்த திசையிலேயே தட்டிவிட வேண்டும், ஈரத்துணி கண்ணாடிக் கண்ணுக்கு மட்டும். குழந்தைகளைத் தடவ விடக் கூடாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமும் இல்லை. உயிரோடிருக்கிற காட்டுமாடு வாரத்துக்கு ரெண்டு தடவை கேட் பக்கம் வந்து நிற்கிற ஊரில் செத்ததை யார் பார்ப்பார்கள்?

இனி நண்பனுக்கு மட்டும் சில விஷயம். கடமான் தலை இலேசு, ஆனால் கொம்பு மேலே நீளும். உன் ஹாலில் சீலிங் ஃபேன் எங்கே இருக்கிறது என்று முதலில் பார். நீ இருப்பது புது அபார்ட்மெண்ட், உள்சுவர் ஏஏசி பிளாக்காக (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த இலேசான சிமெண்ட் கல்) இருந்தால் சாதாரணத் திருகாணி நாளடைவில் தளர்ந்துவிடும், கான்கிரீட் தூண் இருக்கிற இடமாகத் தேடு. சோபாவுக்கு மேலேயும் கட்டிலுக்கு மேலேயும் வேண்டாம். மேற்கு ஜன்னல் வெயில் விழுகிற சுவரும் வேண்டாம், ரோமம் வெளுத்துவிடும். ஊட்டி, குன்னூர் பங்களாக்களில் கணப்பு அடுப்புக்கு மேலே மாட்டியிருப்பார்கள், அழகுதான், ஆனால் சூடும் புகையும் தோலைத் தின்கிற இடம் அது. மாட்டும் முன் பலகையை ஒரு கையால் பிடித்துக் கழுத்தை மெல்ல அசைத்துப் பார். கழுத்து ஆடினால், தலையைப் பலகையோடு பிடித்திருக்கிற பழைய திருகாணி தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பட்டையில் மாட்டினாலும் பலகை மட்டும்தான் சுவரில் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காகிதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்று இருக்க வேண்டும். 2003இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்து, சான்று இல்லாமல் கையிலிருப்பதை அறிவிக்கச் சொன்னபோது உங்கப்பா அறிவித்தாரா என்று பீரோவில் தேடு. வாரிசாக வந்ததை 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நீ தெரிவிக்க வேண்டும். விற்க முடியாது, யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கவும் முடியாது. இது முடிந்தபின் டிரில் மெஷினைத் தொடு.

பட்டை வாங்கலாமா? வாங்காதே. இவ்வளவு காலம் ஒரு நூல் இறங்காமல் தாங்கிய பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது அநியாயம்தான். விலை குறைந்திருக்கிறது, சரி, பல்லி குறையவில்லை. நல்ல தேக்குச் சட்டத்தை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் ஆசாரியிடம் அறுத்து வாங்கி அதே மாதிரி மாட்டிக்கொள். செலவு கூடும். ஆனால் பின்னால் முக்கால் இஞ்ச் இடம் கிடைக்கும், அதில் பிரஷ் போகும், தலையை இறக்காமலே சுத்தம் செய்யலாம். அடியில் வைக்கிற கட்டையும் அதே கனம் இருக்கட்டும்.

அப்போது நீ ஏன் மாற்றவில்லை என்று கேட்காதே. மாற்ற வேண்டுமானால் முதலில் அதை இறக்க வேண்டும்.