லைசென்ஸ் எடுத்துத் தருவதாகத் தோட்டத்துக்கு வேனில் வருபவரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடித்த பிள்ளை வீட்டில் இருந்து, அதற்குக் கார் லைசென்ஸ் எடுக்க யாரிடமாவது முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு நாள் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். மலேசியாவின் கீழ்ப்பேராக்கில் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். ஏமாற்றிய ஆளின் பெயரையோ பயிற்சி நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. விவகாரம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிப் பிழைப்பவன் நான். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பஸ் என்பது பேருக்குத்தான். பயிற்சி நிறுவனமோ டவுனையும் தாண்டி இருக்கிறது. இந்த நிலையில் சனிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டு வரிசையான லயத்து வாசலுக்கே வேனில் வந்து, "அண்ணே, பிள்ளையை நானே ஏற்றிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன், நீங்கள் கவலையே பட வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து இல்லை என்பதுதான் இந்த ஏஜண்டுகளுக்கு முதலீடு. டவுனில் இருக்கும் பெற்றோர் நேராக நிறுவனத்தின் கவுண்டருக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

என் மகளின் லைசென்ஸுக்குப் பேசிய தொகை 1,950 வெள்ளி (ரிங்கிட்). "எல்லாம் அடக்கம், பி கையில் வரும்வரை ஒரு காசு கேட்க மாட்டேன்" என்றார். பி என்பது தேர்வில் தேறியவருக்கு முதலில் கிடைக்கும் தற்காலிக லைசென்ஸ். பணத்தைக் கொடுத்ததும் புத்தகக் கடையில் விற்கும் சாதாரண ரசீதில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிறுவனத்தின் முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை. எந்த வகை லைசென்ஸ் என்பதுகூட அதில் இல்லை. இது சின்ன விஷயமில்லை. மேனுவல் காருக்கு டி வகை, ஆட்டோ காருக்கு மட்டும் டி.ஏ. வகை. டி.ஏ. எடுத்தவர் மேனுவல் வண்டியைத் தொடக்கூடாது. தோட்டத்து வேலைக்கான வண்டிகள் பெரும்பாலும் மேனுவல்தான். டி வகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு டி.ஏ. வகையில் பதிந்துவிட்டால் பிள்ளைக்குத் தெரிவதற்குள் பாதிப் பயிற்சி முடிந்திருக்கும். என் மகள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆனால் அந்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி நடக்கவில்லை என்று யாரிடமும் நிரூபித்திருக்க முடியாது.

தொடக்கம் ஒழுங்காகவே போனது. சாலை விதிகளைச் சொல்லித்தரும் உண்டாங் வகுப்புக்குப் போனாள், கணினித் தேர்வு எழுதினாள். 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. என் மகள் முதல் முறையிலேயே தேறிவிட்டாள். ஓட்டிப் பழகுவதற்கான எல் லைசென்ஸ் வந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது, பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம் என்று திடலுக்குள் ஓட்டும் பயிற்சியும் ஓரளவுக்கு நடந்தது. கோளாறு தொடங்கியது சாலையில் ஓட்டும் பயிற்சியில்தான்.

பயிற்சி நேரத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே சும்மா ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளை நிறுவனத்துக்கு வந்து கைரேகை பதிய வேண்டும். தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை. விதித்த மணி நேரம் கணக்கில் சேர்ந்தால்தான் தேர்வுக்குப் பெயர் போகும். நல்ல ஏற்பாடு, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் செய்தது. அதைத்தான் இவர்கள் திருகிவிட்டார்கள். வேனில் மூன்று, நான்கு பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். கவுண்டரில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, அதில் சிவப்பு விளக்கு எரியும். ஒவ்வொருவராகக் கட்டைவிரலை வைக்க வேண்டும். பிறகு ஒரே காரில் எல்லாரும் ஏறுவார்கள். ஒரு பிள்ளை சிறிது நேரம் ஓட்டும், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்றுநர் வழியில் ஒரு கோப்பிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். திரும்பி வந்து மறுபடி கட்டைவிரல். கணினியில் நால்வருக்கும் முழு நேரம் ஏறியிருக்கும்.

"அப்பா, இன்றைக்கும் எனக்கு முறை வரவில்லை" என்று மகள் சொன்னபோது ஏஜண்டை அழைத்துக் கேட்டேன். "எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் அண்ணே, கடைசி வாரத்தில் சேர்த்து ஓட்டவிடுவோம்" என்றார். கடைசி வாரமும் வந்தது. நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கனரக வண்டி ஓட்டுபவன். ஒரு ராத்திரி அவளை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டேன். நாற்சந்தியில் வலது பக்கம் திரும்ப எங்கே காத்திருப்பாய், எதிரே லாரி வந்தால் எவ்வளவு இடைவெளி பார்ப்பாய் என்றெல்லாம். புத்தகத்தில் இருப்பதை அழகாகச் சொன்னாள். நான்காவது கியரில் போகும்போது பிரேக் பிடித்தால் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டேன். "மூன்றாவது கியருக்கு மேல் நான் போனதே இல்லை அப்பா" என்றாள். கணினிக் கணக்குப்படி அன்றைக்கு அவள் சாலைப் பயிற்சியை முழுமையாக முடித்துவிட்ட பிள்ளை.

எனக்கு வயிறு எரிந்தது. போன பணத்தை உழைத்துச் சம்பாதித்துவிடலாம். பி லைசென்ஸ் வந்துவிட்டால் பக்கத்து சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். பிடோர் சாலையில் எங்கள் லாரிகளுக்கு நடுவில், மழை பெய்யும் மாலையில், மூன்றாவது கியருக்கு மேல் போகாத ஒரு பெண் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள். அவர்கள் திருடியது அந்த மணி நேரங்களை. தந்தை என்ற முறையில் நானே கற்றுக்கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எல் வைத்திருப்பவருக்குப் பொதுச் சாலையில் கற்றுத்தர அனுமதி பெற்ற பயிற்றுநரால்தான் முடியும். அந்த விதி சரியானது. சரியாக இருப்பதால்தான் பயிற்றுநரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

தேர்வுக்கு முன் வாரம் ஏஜண்ட் மறுபடி வந்தார். தேர்வு நாளில் காருக்கு வாடகை என்று 80 வெள்ளி, வேனுக்கு என்று 50 வெள்ளி. 'எல்லாம் அடக்கம்' என்றது என்னவாயிற்று என்று கேட்டதற்குப் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாலைத் தேர்வில் உதவி வேண்டுமென்றால் 400 வெள்ளி போதும் அண்ணே, கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவாள்" என்றார். கோப்பிக் காசு லைசென்ஸ் என்று ஊரில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. நான் மறுத்துவிட்டேன். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. 20 ஆண்டுவரை சிறை உண்டு. 'எல்லாரும் கொடுக்கிறார்கள்' என்று உங்களிடமும் சொல்வார்கள். அந்த 400 வெள்ளி உண்மையில் எந்த அதிகாரியிடமாவது போகிறதா, அல்லது தானாகத் தேறும் பிள்ளைகளின் பெற்றோரிடம் வாங்கி இவரே வைத்துக்கொள்கிறாரா என்று கேட்க முடியாது. கேட்க முடியாது என்பதுதான் அந்த வியாபாரத்தின் பலம்.

மகள் திடலில் தேறினாள். சாலையில் வலது பக்கம் திரும்பும் இடத்தில் வண்டி இருமுறை அணைந்துவிட்டது, தோற்றுவிட்டாள். அவளைத் தேர்ச்சி பெற விடாத ஜேபிஜே அதிகாரி மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். அன்று மாலை ஏஜண்ட், "நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராக நிறுவனத்தின் கவுண்டருக்குப் போனேன். அங்கேதான் எல்லாம் வெளியே வந்தது. ஏஜண்ட் அவர்களிடம் கட்டியிருந்த தொகை 1,500 வெள்ளி. மீதி அவர் பைக்குள். "அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஆள் கொண்டுவருபவர்" என்றார்கள். அப்படியானால் உங்கள் காரில், உங்கள் பயிற்றுநரோடு, உங்கள் கருவியில் பதிந்த கைரேகை யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். பதில் வரவில்லை. தேர்வுக் கார் வாடகை என்று அவர்கள் தனியாக எதுவும் வாங்குவதில்லை என்பதையும் அங்கேயே தெரிந்துகொண்டேன். மகளின் பயிற்சிப் பதிவை அச்சிட்டுக் கேட்டேன். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் அந்தத் தாளை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பயிற்றுநர் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதில் ஒரு மாலையில் என் மகள் ஓட்டிக்கொண்டிருந்ததாகப் பதிவாகியிருந்த நேரத்தில், அவள் கோப்பிக் கடை வாசலில் காருக்குள் உட்கார்ந்து எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி என் கைப்பேசியில் இருக்கிறது.

வேறு நிறுவனத்தில் கூடுதல் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். அங்கே ஒரு மலாய்க்கார அம்மா பயிற்றுநர், காரில் ஒரு பிள்ளைக்கு மேல் ஏற்ற மாட்டார். முதல் நாளே மகளை நான்காவது கியரில் ஓட்ட வைத்தார். அடுத்த தேர்வில் தேறினாள்.

பி வந்த பிறகும் ஏஜண்ட் விடுவதில்லை என்பதைத்தான் பலர் அறிவதில்லை. தேறிய பிள்ளைகளிடம் "மைஜேபிஜே பதிவுக் கட்டணம்" என்று 60 வெள்ளி வாங்கியிருக்கிறார். மைஜேபிஜே என்பது ஜேபிஜேயின் கைப்பேசிச் செயலி, அது இலவசம். அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு பிள்ளையே பதிந்துகொள்ளலாம், மின்னியல் லைசென்ஸும் அதிலேயே தெரியும். யாராவது 'தேர்வில்லாமல் பி எடுத்துத் தருகிறேன்' என்று ஒரு அட்டையைக் கையில் கொடுத்தால் முதலில் அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள். அதில் இல்லாத லைசென்ஸ் லைசென்ஸே இல்லை. விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிட்டுவிடும்.

எங்கள் லயத்திலேயே ஒரு பையனிடம், "பி வைத்திருப்பவர்கள் பிளஸ் நெடுஞ்சாலையில் ஓட்ட அனுமதிக் கடிதம் வேண்டும்" என்று சொல்லி 120 வெள்ளி கறந்திருக்கிறார். நெடுஞ்சாலைக்குத் தடை எல் வைத்திருப்பவர்களுக்குத்தான். பி வைத்திருப்பவர் தாராளமாகப் போகலாம், எந்தக் கடிதமும் தேவையில்லை. கோலாலம்பூரில் வேலை கிடைத்த பையன், முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

புதிதாக ஓட்டுபவர்கள் உண்மையில் கடைப்பிடிக்க வேண்டியது இதுதான். பி இரண்டு ஆண்டுகளுக்கு. கட்டணம் ஆண்டுக்கு 30 வெள்ளி என்று 60 வெள்ளி. காரின் முன்னாலும் பின்னாலும் பி ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் மட்டும் ஒட்டினால் போதும் என்று பயிற்றுநரே சொன்னாலும் நம்பாதீர்கள். அப்பா காரை ஓட்டினாலும் ஒட்டத்தான் வேண்டும். குற்றங்களுக்குப் புள்ளிகள் சேரும், சேர்ந்தால் பி ரத்தாகிவிடும். மறுபடி உண்டாங்கிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் முழு லைசென்ஸாக மாற்றுவதற்குத் தேர்வு கிடையாது. ஆனால் தள்ளிப்போட்டு ஓராண்டு கடந்துவிட்டால் அதுவும் முதலிலிருந்துதான். இதற்கெல்லாம் ஏஜண்ட் தேவையில்லை.

நான் செய்தது இரண்டு காரியங்கள். கைரேகை விஷயத்தை ஜேபிஜேயின் சிஸ்பா புகார் முறையில் பயிற்சிப் பதிவுத் தாளோடு அனுப்பினேன். பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்தேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, அதனால் எதிராளியும் பெரிய ஆளைக் கூட்டிவந்து மிரட்ட முடியாது. நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்தால் போதும். 400 வெள்ளி கேட்டதை ஊழல் தடுப்பு ஆணையத்திடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

விசாரணைத் தேதி தெரிந்ததும் ஏஜண்ட் வீட்டுக்கு வந்து 450 வெள்ளியைத் திருப்பித் தந்து மனுவை மீட்டுக்கொள்ளச் சொன்னார். பணத்தை எழுதி வாங்கிக்கொண்டேன், மனுவை மீட்கவில்லை. வகுப்பு எடுக்காமல் பதிந்த மணி நேரத்துக்கும் கூடுதல் பயிற்சிச் செலவுக்கும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. போன சனிக்கிழமையும் அவருடைய வேன் அடுத்த டிவிஷன் லயத்துக்குப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதித் தோட்டங்களில் இதே போல் ஏமாந்தவர்கள் ரசீதை எறிந்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துவிடாதீர்கள். பயிற்சிப் பதிவுத் தாளை நிறுவனத்தில் கேட்டு வாங்கி, ஒவ்வொருவரும் தனித்தனியாக மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாது என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்துக்கு வாருங்கள். என் மகளும் அவளோடு பயிற்சிக்குப் போன இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள்.