கோல்ட் ஸ்டீல் எஸ்படா எக்ஸ்எல்: பாக்கெட்டுக்கு அடங்காத மடக்குக்கத்தி

அலகு 7.5 அங்குலம். மடக்கினாலே 9.25, விரித்தால் 16.75. நவாஹா என்ற ஸ்பெயின் நாட்டுப் பழைய மடக்குக்கத்தியின் வளைந்த பிடியை வைத்து ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்தது. வெங்காயம் நறுக்க இது எதற்கு என்று கேட்பவர்களுக்கான கத்தி இல்லை. மிகையான வடிவத்தை ரசிப்பவர்களுக்கானது.

உண்மையான பெருமை பூட்டில்தான். பிடியின் முதுகில் அமைந்த சாதாரண முதுகுப் பூட்டில், அலகின் மேல் விழும் அடி முழுக்கப் பூட்டுத் தண்டிலும் அதன் ஆணியிலும் இறங்கும். நாளாக நாளாக அலகு மேலும் கீழும் ஆடும். இந்தக் கத்தியிலுள்ள ட்ரை-ஆட் பூட்டில் தண்டுக்கும் அலகின் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு நிறுத்து ஆணி நின்று அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. தேய்ந்தாலும் தண்டு கொஞ்சம் உள்ளே இறங்கி இறுக்கிப் பிடிக்கும். அருமையான வேலை! ஆனால் ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. புதிதில் பூட்டு சிக்கினால் சேருமிடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரல்களை அலகின் பாதைக்கு வெளியே வைத்தே மடக்குங்கள்.

பாக்கெட்டில் மாட்டும் கிளிப்புக்கு அடியிலுள்ள ஜி-10 (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பிடிப் பொருள்) சொரசொரப்பு பேன்ட் துணியைப் பிய்த்துவிடும். கிளிப்பைக் கழற்றி, அந்த இடத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள்; தூசி நுரையீரலுக்கு ஆகாது. பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காரவே முடியாது. சாணைக்கல் குறைந்தது 8 அங்குலம் இருக்கட்டும்.