டிரெய்லர் லாரிக்குக் காப்பீடு எடுப்பவர்கள் கவனத்திற்கு: என் 3,80,000 ரூபாய் போன விதம்

வேலூரில், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், சாலை வரி, இன்சூரன்ஸ் என்று வண்டிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துத் தருகிற கடை ஒன்றில் என் டிரெய்லர் லாரிக்குக் காப்பீடு எடுத்தேன். விபத்து நடந்த பிறகு, முழுக் காப்பீடு இருப்பதாக நம்பியிருந்த அதே வண்டிக்காக 3,80,000 ரூபாயைக் கைப்பணமாகக் கட்டிவிட்டு, வயிற்றெரிச்சல் அடங்காமல் இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதைப் போன்ற கடைகள் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் என்று எங்கும் இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டைச் சரக்கை நம்பி ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் அவற்றைத்தான் தேடிப் போகிறோம்.

டிரெய்லர் லாரி என்பது காப்பீட்டைப் பொறுத்தவரை இரண்டு பொருள். முன்னால் இழுக்கிற வண்டிக்கு ஒரு சேஸ் எண் (அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்), பின்னால் இழுபடுகிற டிரெய்லருக்கு வேறொரு சேஸ் எண். பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தில், அதாவது எதற்கு எவ்வளவு காப்பீடு என்று பட்டியலிடும் பக்கத்தில், இழுவை வண்டியின் மதிப்பும் டிரெய்லரின் மதிப்பும் தனித்தனியாக எழுதப்பட்டு, இரண்டுக்கும் பிரிமியம் வாங்கப்பட்டிருக்க வேண்டும். டிரெய்லருக்கு மதிப்பு போடாவிட்டால், அதற்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று நான் சொல்வதற்குக் காரணம், அவர் அன்று நடந்துகொண்ட முறைதான். மேசையிலிருந்து எழுந்து வெயிலில் வண்டி நின்ற இடம்வரை வந்தார். டிரெய்லரின் சேஸ் தகட்டில் படிந்திருந்த கிரீஸைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார், எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “ரெண்டு நம்பரும் உள்ளே ஏறிடும் அண்ணே, நீங்க நிம்மதியா லோடு ஏத்துங்க” என்றார். இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிற மனிதரை எவர்தான் சந்தேகிப்பார்? 1,18,000 ரூபாய் கொடுத்தேன். ரசீதின் பின்புறம் “வண்டி + டிரெய்லர் ஃபுல் கவர்” என்று அவரே பேனாவால் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. பாலிசியின் முதல் பக்கம் மட்டும் அன்று மாலை வாட்ஸ்அப்பில் வந்தது. மற்ற பக்கங்களைக் கேட்டபோது, நிறுவனத்தின் சர்வர் வேலை செய்யவில்லை என்றும், அச்சிட்ட பிரதி தபாலில் வரும் என்றும் சொன்னார். கேட்கும்போதெல்லாம் அதே பதில்தான் வந்தது.

சென்னையிலிருந்து இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்கு வந்துகொண்டிருந்தபோது, காவேரிப்பாக்கம் அருகே முன்னால் சென்ற வண்டி திடீரென நின்றது. எங்கள் ஓட்டுநர் பிரேக் அடித்ததும் மழையில் டிரெய்லர் இடப்பக்கமாக வழுக்கி, சிறு பாலத்தின் பக்கச் சுவரில் மோதியது. ஓட்டுநருக்கும் மற்றவர்களுக்கும் எதுவும் ஆகாதது தெய்வச் செயல். டிரெய்லரின் நீளச் சட்டம் முறுக்கிக்கொண்டது, பின் அச்சு வளைந்தது, டயர்கள் கிழிந்தன. பட்டறையில் போட்ட கணக்கு 3,80,000 ரூபாய்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்து, பாலிசியைத் தன் கருவியில் திறந்து, ஷெட்யூல் பக்கத்தை என்னிடம் காட்டினார். டிரெய்லர் மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. கைக்குட்டையால் துடைத்துப் படித்த அந்தச் சேஸ் எண் பாலிசியின் எந்தப் பக்கத்திலும் இல்லை. நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த பிரிமியம் 96,400 ரூபாய் மட்டுமே. மீதி 21,600 ரூபாய் எங்கே போனது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

கடைக்காரரிடம் போனேன். முதலில், “கம்பெனிக்காரன் விட்டுட்டான் அண்ணே, நான் பேசுறேன்” என்றார். பிறகு, நான் சொன்ன பட்ஜெட்டுக்கு அவ்வளவுதான் வரும் என்றார். அதன் பிறகு கடையில் இருந்த பையன், முதலாளி திருப்பதி போயிருப்பதாகச் சொன்னான். உள் அறையில் அவர் செருமும் சத்தம் எனக்குக் கேட்டது. நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், பாலிசியில் உள்ள முகவர் எண்ணைத் தொடர்புகொள்ளச் சொன்னார்கள். அந்த எண் இந்தக் கடைக்காரருடையதே அல்ல, நான் பார்த்தே இராத வேறொருவருடையது! ஒருவர் பணம் வாங்குகிறார், இன்னொருவர் பெயரில் பாலிசி போகிறது, சேதம் என்று வந்தால் இருவருமே இல்லை. வண்டிக்கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கிறது. 3,80,000 ரூபாய் என்பது ஒற்றை வண்டிக்காரனுக்குப் பல மாத உழைப்பு.

பாலிசியை எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைய மனநிலையில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நபர் பிரிமியம், அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பிரிமியம், அரசு நிர்ணயிப்பது. மொத்த எடை 40 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு, 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி அது வரி நீங்கலாக 44,242 ரூபாய், எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அதேதான். ஆகவே எவராவது பெரிய தள்ளுபடி தருவதாகச் சொன்னால், நம் வண்டியின் சேதத்துக்கான சொந்தச் சேதப் பகுதியில் எதை வெட்டினார், வண்டி மதிப்பையா, டிரெய்லரையா, கூடுதல் பாதுகாப்பையா என்று கேளுங்கள். ஐ.எம்.டி. 23 (IMT 23) என்ற கூடுதல் பாதுகாப்புப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் பகுதிச் சேதத்துக்குப் பணம் வராது. ஓட்டுநர், கிளீனருக்கு விபத்தில் ஏதாவது ஆனால் உரிமையாளர் தர வேண்டிய இழப்பீட்டுப் பொறுப்புக்கான பிரிமியமும் தாளில் தெரிய வேண்டும். பணத்தைக் கடைக்காரர் கையில் கொடுக்காமல் நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டுங்கள்.

ஏமாந்தவர்கள் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நான் ரசீதின் பின்புறத்தையும் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தை இன்றே திறந்து, டிரெய்லரின் சேஸ் எண்ணும் மதிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்துக்கே நேராக எழுதிக் கூடுதல் பிரிமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம் சேர்க்கும் தாள்) வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு அந்தச் சேதத்துக்காக அதை வாங்க முடியாது.