ஆரியா2: பாதியில் அறுந்த டவுன்லோடுக்கு ஒரு கைமருந்து

பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு இயங்குதளம் போட்டுக் கொடுப்பது, ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் ஏற்றித் தருவது என்று எங்கள் கடையில் பாதி வேலை இலவச மென்பொருளோடுதான். மென்பொருள் தகராறு பண்ணுவது அபூர்வம். அதை இறக்குவதற்குள்தான் உயிர் போகும். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் பண்ணுவதற்கான ஒற்றைக் கோப்பு, கிட்டத்தட்ட 6 ஜிபி. முக்கால்வாசி இறங்கியபின் கரண்ட் போனால் ப்ரவுசர் பல சமயம் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும். அந்தக் கடுப்பில் பிடித்ததுதான் ஆரியா2 என்ற டவுன்லோடர்.

எழுதியவர் டட்சுஹிரோ சுஜிகாவா. ஜிபிஎல் என்ற இலவச மென்பொருள் உரிமம், காசு கிடையாது. விண்டோஸ் என்றால் ஒரு ஜிப்பைப் பிரித்து வைத்தால் போதும், இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை. நான் வைத்திருப்பது 2023 நவம்பரில் வந்த 1.37.0. பட்டன், மெனு எதுவும் தேடாதீர்கள்; கறுப்புத் திரையில் டைப் அடித்துத்தான் ஓட்ட வேண்டும்.

இதைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் ஸ்பீடைத்தான் சொல்கிறார்கள். ஒரே சர்வருக்கு 16 கனெக்‌ஷன் வரை போடலாம், உண்மைதான். ஆனால் இலவச மென்பொருளின் மிரர் சர்வர்களில் (அதே கோப்புகளின் நகல் வைத்திருப்பவை) பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் சும்மா நடத்துகின்றன. அங்கே போய் 16 கையை நீட்டினால் சில சர்வர்கள் வெட்டிவிடும், அதுவும் நியாயம்தான். நான் இரண்டுக்கு மேல் போடுவதில்லை. வேகம் வேண்டுமென்றால் ஒரே கோப்பின் இரண்டு மிரர் முகவரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்; இரண்டிலிருந்தும் பங்கு போட்டு இழுக்கும். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும்.

என்னைப் பொறுத்தவரை இதன் அருமை வேறு இடத்தில். ஏன் நின்றது என்று மறைக்காமல் சொல்கிறது. எரர் கோடு 9 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. 19 என்றால் டிஎன்எஸ் கோளாறு, சர்வரின் பெயரே கிடைக்கவில்லை. 3 என்றால் அந்த முகவரியில் கோப்பே இல்லை. பெரும்பாலும் புதுப் பதிப்பு வந்து பழையதை நகர்த்தியிருப்பார்கள். 8 வந்தால் அந்த சர்வர் விட்ட இடத்திலிருந்து தராது, மிரரை மாற்றுங்கள். ப்ரவுசர் 'ஃபெயில்டு' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ளும் இடத்தில் இது பாதி வேலையை மிச்சம் பண்ணுகிறது.

இறங்கும்போது கூடவே '.ஆரியா2' என்ற வாலோடு ஒரு குட்டிக் கோப்பு உருவாகும். எது வரை வந்தது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் அதே கமாண்டைத் திரும்ப அடித்தால் போதும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று, ஆரம்பத்திலேயே முழு அளவுக்கு டிஸ்க்கில் இடம் பிடித்துவிடுவதால் ஐஎஸ்ஓ முழுசாக இறங்கியதுபோலவே தெரியும். அந்தக் குட்டிக் கோப்பு மறைந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

ப்ரவுசரில் பாதியில் நின்றதையும் காப்பாற்றலாம். கேன்சல் அழுத்துவதற்கு முன் அந்த அரைகுறைக் கோப்பைக் காப்பி எடுத்து, சரியான பெயர் வைத்து, ஆரியா2 கமாண்டில் ஹைபன் போட்டு சின்ன ஆங்கில 'சி' (-c) சேர்த்து ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

போன வாரம் ஒரு காலேஜ் பையன் பென்டிரைவோடு வந்தான். "அண்ணா, லிப்ரே ஆபீஸ் டவுன்லோடு ஆயிடுச்சு, ஆனா ஓப்பனே ஆக மாட்டேங்குது." பார்த்தால் கோப்பு சில கேபிதான் இருக்கிறது, நிஜத்தில் அது 300 எம்பிக்கு மேல். நோட்பேடில் திறந்தேன். முதல் வரியிலேயே எச்டிஎம்எல், கீழே யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி. ஹாஸ்டல் வைஃபையின் லாகின் பக்கம் இன்ஸ்டாலர் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறது! ஆரியா2-வும் தானாக இதைக் கண்டுபிடிக்காது. டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கும் 64 எழுத்து ஷா-256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியானதை, கமாண்டிலேயே சேர்த்துவிட்டால், கோப்பு ஒத்துப்போகாதபோது கோடு 32 காட்டி நின்றுவிடும். இந்த ஒரு வசதிக்காகவே நான் இதை விடமாட்டேன்.

குறைகளும் உண்டு. லைன் ஆடினால் ஐந்து முறை முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். முயற்சி எண்ணிக்கையை 0 என்று வைத்தால்தான் விடாமல் ஓடும். டாரன்ட் (இறக்குபவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் முறை) வழியாக இறக்கினால் முடிந்த பிறகும் அப்லோடு நடக்கும், மொபைல் டேட்டாவில் இருப்பவர்கள் கவனியுங்கள். ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. அதற்கு இது மட்டுமல்ல, எந்த டவுன்லோடரும் மருந்தில்லை. எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். கறுப்புத் திரை ஆகாது என்பவர்கள் பட்டன், மெனுவோடு வரும் மோட்ரிக்ஸ் என்ற டவுன்லோடரைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஓடுவது இதே ஆரியா2-தான்.