மணல் மேகத்துக்கு மூன்று கணக்கு

பழுப்புக் குறுமீன்களிடம் ஒரு விநோதம் உண்டு. விண்மீன் அளவுக்கு எரியவும் முடியாமல், கோளாக அடங்கவும் முடியாமல், பிறந்த நாளிலிருந்து ஆறிக்கொண்டே இருக்கும் உருண்டைகள் இவை. வானியலாளர்கள் நிறமாலையை வைத்து இவற்றை வகை பிரிக்கிறார்கள்: சூடானவை எல், குளிர்ந்தவை டி. ஏறக்குறைய 1,400 கெல்வின் வரை, எல் வகையாக இருக்கும்போது, அகச்சிவப்பில் நன்றாகச் சிவந்து தெரிகின்றன. இன்னும் ஓர் இருநூறு டிகிரி ஆறுவதற்குள் டி வகையாகி, நிறம் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதைவிட வேடிக்கை, ஆறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய அலைநீளங்களில் வெளிச்சம் சற்றுக் கூடவும் செய்கிறது.

பெரும்பாலோர் சொல்லும் காரணம் மேகம். நீர் மேகம் அல்ல. சிலிகேட்டும் இரும்பும் உறைந்த மேகம், நம் ஊர்ப் பேச்சில் மணல் மேகம். சூடாக இருக்கையில் அது மேலே நின்று ஒளியை மறைக்கிறது. ஆறியதும் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்குகிறது, அல்லது கிழிந்து ஓட்டை விழுகிறது. சரி, அந்த மேகத்தை எப்படிக் கணக்கிடுவது? அங்கேதான் கட்சி பிரிகிறது.

முதல் கணக்கு 2001இல் நாசா ஏம்ஸ் மையத்தின் ஆக்கர்மனும் மார்லியும் போட்டது. கீழிருந்து ஆவி ஏறுகிறது. காற்று தாங்கும் அளவுக்கு மேல் இருப்பதெல்லாம் அங்கேயே உறைகிறது. கொந்தளிப்பு துகளை மேலே தூக்குகிறது, எடை கீழே இழுக்கிறது. இந்த இழுபறியை ‘எஃப்-செட்’ என்ற ஒரே எண்ணில் அடக்கிவிட்டார்கள். அதை 1 என்று வைத்தால் பொடித் துகள்கள், உயரமான அடர்ந்த மேகம், நிறமாலையில் 1.4 மைக்ரான் அருகே நீராவி ஒளியை உறிஞ்சி வெட்டும் பள்ளம் தூர்ந்துபோகும். 5 என்று வைத்தால் பெருந்துளிகள், மெல்லிய படலம். பள்ளம் மறுபடி ஆழமாகும். கணக்கு நொடியில் முடிந்துவிடும். குறை என்னவென்றால், அந்த எண் எங்கிருந்தும் பிறந்து வருவதில்லை. சமையல் குறிப்பில் ‘உப்பு – தேவையான அளவு’ என்று போடுவார்களே, அந்த மாதிரி. ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

இரண்டாவது, ஹெல்லிங்கும் வோய்ட்கேவும் வளர்த்த வழி. வயதான செம்பூத விண்மீன்களைச் சுற்றித் தூசி எப்படி உருவாகிறது என்ற ஆய்விலிருந்து வந்தது. இவர்களின் முதல் கேள்வியே வேறு. பூமியில் துளி திரள உப்புத்தூளும் மண்தூசியும் பிடிமானமாக இருக்கின்றன. கடலும் தரையும் இல்லாத வாயு உருண்டையில் எதைப் பிடித்து மேகம் திரளும்?

அவர்கள் பதிலில் ஒரு துகளைப் பின்தொடர்ந்து இறங்கிப் பார்க்கலாம். உயரே, அழுத்தம் குறைந்த குளிர்ந்த அடுக்கில் சில டைட்டானியம் டை ஆக்சைடு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு ஒரு கரு ஆகின்றன. அது விழத் தொடங்கும்போது மேல் பரப்பில் மெக்னீசியம் சிலிகேட்டுகள் படிகின்றன, ஊடே இரும்பும் சேருகிறது. துகள் பெரிதாகிறது, பெரிதானதால் இன்னும் வேகமாக விழுகிறது. சூடான அடுக்கில் சிலிகேட் ஆவியாகிப் போகும், பிறகு இரும்பும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது அலுமினியமும் டைட்டானியமும் கலந்த மிச்சம். ஆக, மேகம் இங்கே மேலிருந்து கீழே கட்டப்படுகிறது. ஒவ்வொரு தாதுவுக்கும் தனித்தனி அடுக்கு என்ற முதல் கணக்கின் ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு துகளும் ஒரு கலவை சாதம். விலை? ஒவ்வொரு படிக்கும் வினை வேகம் தெரிந்தாக வேண்டும், பலவற்றுக்கு உறுதியான தரவு இல்லை.

மூன்றாவது அணி, மேகமே வேண்டாம் என்கிறது. ட்ரெம்ப்ளினும் கூட்டாளிகளும் 2015, 2016இல் சொன்னது இது. கார்பன் மோனாக்சைடு மீத்தேனாக மாறும் இடத்தில் காற்று நிலைகுலைந்து கலக்கிறது. அதனால் ஆழத்தோடு வெப்பம் ஏறும் வேகம் குறைகிறது. ஆழத்திலிருந்து வரும் ஒளி மங்கி, நிறம் சிவக்கிறது. மாற்றம் முடிந்ததும் நீலம் திரும்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன். 10 மைக்ரான் அருகே சிலிகேட் துகள்கள் உறிஞ்சிய தடம் கையும் களவுமாக அகப்பட்டிருக்கிறது. ஸ்பிட்சர் தொலைநோக்கியின் பழைய நிறமாலைகளைத் திரட்டி சுவாரஸும் மெச்செவும் 2022இல் காட்டினார்கள்: எல்2 வாக்கில் (எல் வகையின் உட்பிரிவு இது, எண் ஏற ஏறக் குளிர்ச்சி) தொடங்கி, எல்4 முதல் எல்6 வரை கெட்டியாகி, எல்8க்குப் பின் காணாமல் போகிறது. 2023இல் விஹெச்எஸ் 1256 பி என்ற, வேறொன்றைச் சுற்றிவரும் துணை உருண்டையிடமும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதையே கண்டது. ட்ரெம்ப்ளின் சொன்ன கலக்கம் கூடவே நடக்கலாம். தனியாக அது போதாது.

மிச்சம் முதல் இரண்டு கணக்குகள். ஒரு நிறமாலையைக் கையில் வைத்துக்கொண்டு காற்றில் எவ்வளவு நீர், எவ்வளவு மீத்தேன் என்று தேடுபவருக்கு முதல் கணக்கே போதும், வேறெதுவும் அத்தனை வேகமாக ஓடாது. மேகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர் இரண்டாவதைத்தான் நாட வேண்டும். இதே மேகங்கள் வேறு விண்மீன்களைச் சுற்றும் சூடான வாயுக் கோள்களிலும் உண்டு; 2023இல் டபிள்யூஏஎஸ்பி-17பி என்ற அப்படியொரு கோளில் ஜேம்ஸ் வெப் கண்டது இதற்கு நல்ல உதாரணம். மெக்னீசியம் சிலிகேட் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 10 நானோமீட்டர் அளவில் குவார்ட்ஸ் படிகங்கள். எந்தெந்தத் தாது உறைய வேண்டும் என்ற பட்டியலை நாமே முதல் கணக்கிடம் கொடுத்துவிடுகிறோம். பட்டியலில் இல்லாததை அது தானாகச் சொல்லாது.

ஆனால் அதே ஆண்டு டபிள்யூஏஎஸ்பி-107பி இன்னொரு பக்கம் இழுத்தது. சிலிகேட் மேகம் எப்போதோ ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டிய குளிர்ந்த கோள் அது. மேகமோ மேலேயே நிற்கிறது. கீழிருந்து வலுவாகக் கடைந்து தூக்கினால் ஒழிய அது சாத்தியமில்லை. தூக்குவதற்கும் விழுவதற்கும் உள்ள இழுபறி, அதாவது 2001இன் பழைய கதை.

அப்புறம் ஒன்று. இந்தக் கணக்குகளை வழக்கமாக ஒற்றைத் தூணாக, மேலிருந்து கீழாக மட்டுமே ஓட்டுகிறார்கள். வெறும் 6.5 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் லூமன் 16பி என்ற பழுப்புக் குறுமீனுக்கு 2014இல் சிலியிலுள்ள பெருந்தொலைநோக்கியைக் கொண்டு ஒரு வரைபடம் போட்டார்கள். ஐந்து மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றும் அந்த உருண்டை முழுக்க வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டுமாக இருந்தது.