நாலு வருடக் குளுசையும் என்னைக் கலங்க வைத்த தைராய்டு ரிப்போர்ட்டும்

மூத்தவளுக்கு ஒரு வயதானதும் மிட்வைஃப் அக்கா தந்த கருத்தடைக் குளுசையை நாலு வருடம் போட்டேன். 21 வெள்ளைக் குளுசை, ஒவ்வொன்றிலும் 30 மைக்ரோகிராம் எதினைல் எஸ்ட்ராடியோல் (இதுதான் ஈஸ்ட்ரோஜன்), 150 மைக்ரோகிராம் லெவனோர்ஜெஸ்ட்ரெல் (புரோஜெஸ்டிரோன் போன்றது). அப்புறம் 7 மண்ணிற இரும்புக் குளுசை. மறக்காமலிருக்க அட்டையைப் பால்மா டின்னோடு செருகி வைத்திருப்பேன்.

மூன்றாம் வருடம் முடி கொட்டுகிறதென்று திருகோணமலை டவுனில் ஒரு தனியார் இடத்தில் இரத்தம் சோதிக்கக் கொடுத்தால் மொத்த டி4, அதாவது புரதத்தில் கட்டுண்டதையும் சேர்த்த தைராய்டு ஹோர்மோன், கூடுதலாக இருந்தது. அங்கே பார்த்தவர், குளுசை போடுகிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேரே தைராய்டு மருந்துக்குப் போய்விட்டார். ஒரு கிழமை நான் தூங்கவில்லை. அடுத்துக் காட்டிய டொக்டர்தான், "டிஎஸ்எச், ஃப்ரீ டி4 பார்த்தனீங்களா பிள்ளை?" என்று கேட்டார். டிஎஸ்எச் தைராய்டைத் தூண்டும் ஹோர்மோன், ஃப்ரீ டி4 புரதத்தில் கட்டுப்படாமல் வேலை செய்யும் டி4. பார்த்தோம், இரண்டும் சரி.

குளுசையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரல் ஹோர்மோனைப் பிடித்து வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்கிறது. கரையில் கட்டிக்கிடக்கிற வள்ளத்தையும் சேர்த்து எண்ணினால் தொகை கூடத்தான் வரும், ஆனால் கடலுக்குப் போனது பழைய அளவுதான். கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனின் மொத்த அளவும் இப்படித்தான் கூடத் தெரியும்.

டெஸ்டோஸ்டிரோன் கதை வேறு. எஸ்எச்பிஜி என்ற புரதம் அதைக் கட்டிப்போடுகிறது, சூலகமும் குறைவாகச் சுரக்கிறது, ஆகவே கட்டில்லாத அளவு உண்மையிலேயே இறங்கும். என் தாடைப் பருக்கள் அடங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். லெவனோர்ஜெஸ்ட்ரெல் அந்தப் புரதத்தைக் கொஞ்சம் அமுக்குவதால் சில வேறு குளுசைகளில் போல அவ்வளவு ஏறாது. தாம்பத்திய ஆசை சற்றுக் குறைந்தது, அது குளுசையாலா தூக்கம் கெட்டதாலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மாமி, "சூலகம் செத்துப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. சாகாது. மூளையடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் எஃப்எஸ்எச், எல்எச் என்ற ஹோர்மோன்கள் இரண்டும் அடங்கிக்கிடப்பதால் முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை, அவ்வளவுதான். இரும்புக் குளுசை வாரத்தில் வரும் இரத்தம்கூட உண்மையான மாதவிடாய் இல்லை. சூலகத்தில் மிஞ்சியுள்ள முட்டைகளை மதிப்பிடும் ஏஎம்எச் சோதனை பார்த்தாலும் குளுசை காலத்தில் குறைத்துக் காட்டும், விட்டபிறகு ஏறும்.

போன தையில் நிறுத்தினேன். 36ஆம் நாள் மாதவிடாய் வந்தது, ஆனியில் வயிற்றில் பிள்ளை. கர்ப்பத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏறும், தைராய்டு ஹோர்மோனைப் பிடித்து வைக்கும் அந்தப் புரதமும் ஏறும். இந்த முறை தைராய்டு பார்க்கச் சொன்னபோது, டிஎஸ்எச்சை முதலில் பாருங்கோ என்று நானே கேட்டு எழுதுவித்தேன்.